அம்மா படம் உடையுது, அங்கிள்

போன மாதம் ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்குப் பின்தெருப் பையன் வீட்டுக் கதவைத் தட்டினான். அவனுடைய அம்மா தவறி ஒன்பது நாள் ஆகியிருந்தது. கையில் செல்போனை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"அங்கிள், பதினாறாம் நாளுக்கு கார்டு அடிக்கணும். பெரிசா ஒரு படமும் ஃபிரேம் போடணும். கொண்டுபோன இடத்துல எல்லாம் அம்மா படம் உடையுதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"உள்ள வா தம்பி. முதல்ல உட்காரு" என்றேன்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் இப்படி ஒரு காரியம் என்றால் என் வீட்டுக்கு வருவார்கள். 1978-இல் சுல்தான்பேட்டையில் ஒரு அச்சகத்தில் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ஆண்டு மலர், கண்ணீர் அஞ்சலி என்று நாற்பது வருஷம் அச்சிலேயே போனது. வேலையை விட்டு வந்த பிறகும் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஸ்கேனரும் வீட்டில் வைத்திருக்கிறேன்.

அவன் காட்டிய படம் ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோ. பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். இடமிருந்து மூன்றாவதாக அவன் அம்மா, தலையைச் சாய்த்துச் சிரிக்கிறார். செல்போனில் பார்க்க அருமையாக இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். மொத்தப் படமே 1,600-க்கு 1,200 பிக்சல். அதில் அம்மாவின் முகமும் தோளும் மட்டும் வெட்டினால் 280-க்கு 420.

அச்சுக் கணக்கு ரொம்ப எளியது. நல்ல ஆர்ட் பேப்பரில் ஆஃப்செட் அச்சுக்கு அங்குலத்துக்கு 150 வரி ஸ்கிரீன் போடுவார்கள். அதற்கு இரண்டு மடங்கு பிக்சல் வேண்டும். 300 என்று எல்லோரும் சொல்லும் எண் அங்கிருந்து வந்ததுதான். கார்டில் இரண்டு அங்குல அகலத்துக்கு அம்மா முகம் வரவேண்டும் என்றால் 600 பிக்சல் வேண்டும். இருப்பது 280. அவன் கேட்ட ஃபிரேம் 12-க்கு 18 அங்குலம். அந்த அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 23 பிக்சல்தான் கிடைக்கும். கண் எது, கண்ணிமை எது என்று தெரியாமல் கட்டம் கட்டமாக நிற்கும். இதைத்தான் கடைக்காரர்கள் 'படம் உடையுது' என்கிறார்கள்.

"போன்ல கிளியரா இருக்கே அங்கிள்?" என்றான். இந்தக் கேள்வியை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். போன் திரையில் அந்த முகம் நம் கட்டைவிரல் நகம் அளவுதான். அந்த அளவுக்கு 280 பிக்சல் தாராளம்.

நான் தொழிலுக்கு வந்தபோது இந்தக் குறை அச்சுக்கு முன்னாலேயே பிடிபட்டுவிடும். அன்று படம் அச்சாக வேண்டும் என்றால் பிளாக் எடுக்க வேண்டும். பார்ட்டி கொண்டுவந்த போட்டோவை நான்தான் சைக்கிளில் பிளாக் போடும் இடத்துக்கு எடுத்துப்போவேன். அங்கே இருந்த பெரியவர் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்ப்பார். முகம் மங்கலாக இருந்தால், பேப்பர் சொரசொரப்பாக இருந்தால், கையை ஆட்டிவிடுவார். "இதுல ஒண்ணும் வராது. கிளாஸி பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வா." அவ்வளவுதான், மறுபேச்சு கிடையாது. நல்ல படமாக இருந்தால்தான் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட கண்ணாடி ஸ்கிரீன் வழியாக அதைப் புள்ளிகளாக்கி, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, மரக்கட்டையில் அறைந்து கொடுப்பார். மட்டமான பேப்பருக்கு 65 வரி, ஆர்ட் பேப்பருக்கு 120 வரி. எந்தப் பேப்பரில் அடிக்கப்போகிறோம் என்று சொல்லாமல் பிளாக்குக்குப் படம் கொடுக்கவே முடியாது. சதுர சென்டிமீட்டர் கணக்கில் காசு என்பதால், என்ன அளவு என்பதையும் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

இந்த இரண்டு கேள்விகளும், எந்தப் பேப்பர், எத்தனை அங்குலம் என்பவை, இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் எந்தப் படத்தையும் வாங்கிக்கொள்ளும். எந்த அளவுக்கும் இழுத்துக் காட்டும். இல்லை என்று சொல்ல அந்தப் பெரியவர் மாதிரி நடுவில் ஒருவர் கிடையாது. அன்று பிளாக் கடையில் தெரிந்த குறை இன்று ஆயிரம் கார்டு அடித்து முடிந்த பிறகு தெரிகிறது.

இந்தப் பாடத்தை நான் கற்றது 1994-இல். ஒரு கோயில் கும்பாபிஷேக மலர். மறைந்துபோன அறங்காவலர் ஒருவரின் படம் வேண்டும். வீட்டில் போட்டோ கிடைக்கவில்லை. பழைய மலர் ஒன்றில் அச்சாகியிருந்த படத்தைக் கொடுத்தார்கள். எங்களிடம் அப்போதுதான் ஸ்கேனர் வந்திருந்தது. அப்படியே ஸ்கேன் செய்து பக்கத்தில் வைத்துவிட்டேன். அச்சில் வந்தபோது அந்த அறங்காவலரின் முகம் முழுக்கக் கட்டம் போட்ட துணி மாதிரி ஒரு வலை. ஏற்கெனவே புள்ளியாக இருக்கும் அச்சுப் படத்தின் மேல் புது ஸ்கிரீனின் புள்ளிகள் விழுந்தால் இரண்டும் மோதி இப்படி வலை விழும். மொய்ரே என்பார்கள். ஸ்கேனரிலேயே அந்தப் புள்ளிகளைக் கரைக்கும் டீஸ்கிரீன் வசதி உண்டு. அதைப் போட்டிருந்தால் முகம் கொஞ்சம் மழுங்கினாலும் வலை வந்திருக்காது. மலரைப் பிரித்துப் பார்த்த அந்தக் குடும்பத்தார் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் முப்பது வருஷமாக என்னோடு இருக்கிறது.

அதனால் இந்தப் பையனிடம் உடனே சரி என்று சொல்லவில்லை. என்னென்ன செய்து பார்த்தாய் என்று கேட்டேன். ஒரு இடத்தில் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று இருந்ததை 300 என்று மாற்றிக் கொடுத்தார்களாம். அந்த எண் ஃபைலின் மேல் ஒட்டிய சீட்டு. சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் பிக்சல் ஒன்றுகூடக் கூடாது. ஃபோட்டோஷாப்பில் ரீசாம்பிள் என்ற கட்டத்தில் டிக் போட்டு 300 ஆக்கினால் எண்ணிக்கை கூடும். கூடுவதெல்லாம் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து மெஷின் ஊகித்துப் போடும் நிறம். படம் பெரிதாகும், தெளிவு வராது.

இன்னொரு இடத்தில் ஏ.ஐ. போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதையும் காட்டினான். பளிச்சென்று இருந்தது. தோலில் ஒரு சுருக்கம் இல்லை, பல் வரிசை முத்துப்போல. "அக்கா பார்த்துட்டு அழுதுட்டாங்க அங்கிள். யார்ரா இது, அம்மா மாதிரி யாரோ உட்கார்ந்திருக்காங்கன்னாங்க." அந்த அம்மாவுக்கு இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு உண்டு. அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். 280 பிக்சலில் அந்தத் தழும்பு பதிவாகவில்லை. பதிவாகாததை மெஷின் எப்படிக் கொடுக்கும்? அது பார்த்த லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஒரு புருவத்தை எடுத்து வைத்திருந்தது. செத்துப்போனவர்கள் முகத்தில் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

"இந்தப் படத்தை எடுத்தது யாரு?" என்று கேட்டேன். ஓசூரில் இருக்கும் மாமா பையன் என்றான். "உடனே போன் போடு. ஒரிஜினலை டாக்குமென்டா அனுப்பச் சொல்லு." வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1,600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 2023-இல் வந்த எச்.டி. வசதி அதைவிட மேல். ஆனாலும் அதுவும் அழுத்தித்தான் அனுப்பும். டாக்குமென்ட் என்று இணைத்தால் எடுத்தது எடுத்தபடி வரும். பத்து நிமிஷத்தில் வந்தது. பழைய ஃபைல் 180 கே.பி., இது 4 எம்.பி.க்கு மேல். 4,000-க்கு 3,000 பிக்சல். அம்மாவின் பகுதி 700-க்கு 1,050 ஆனது. கார்டுக்கு இது போதும். புருவத் தழும்பும் தெரிந்தது.

ஆனால் ஃபிரேமுக்கு? 700 பிக்சலை 12 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 58. தெருமுனையில் முப்பது அடி தள்ளி நின்று பார்க்கும் ஃபிளெக்ஸுக்கு அது பரவாயில்லை. வீட்டுச் சுவரில் விளக்கேற்றிப் பக்கத்தில் நின்று கும்பிடும் படத்துக்கு ஆகாது.

"வீட்டுல பழைய போட்டோ ஆல்பம், பெட்டி ஏதாவது இருக்கா?"

மறுநாள் காலை அவனும் அக்காவும் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார்கள். ரேஷன் கார்டு, பள்ளிக்கூட சர்டிபிகேட், ஓரம் அரித்த சில போட்டோக்கள். அடியில் கலர் லேப் உறை ஒன்று. உள்ளே நான்கு நான்காக வெட்டிய நெகடிவ் துண்டுகள். உறையின் மேல் பால்பாயிண்டில் 1986 என்று எழுதியிருந்தது. வெள்ளைத் தாளை ஜன்னலோரம் வைத்து ஒவ்வொரு துண்டாக ஓரத்தை மட்டும் பிடித்துப் பார்த்தோம். மூன்றாவது துண்டில், வீட்டு வாசலில், புது சேலை கட்டிக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கும் ஒரு பெண். இடுப்புக்கு மேல், தனியாக.

36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர், அவ்வளவுதான் அந்த நெகடிவ். தூசியை ஊதி, அங்குலத்துக்கு 3,200 பிக்சல் வைத்து ஸ்கேன் போட்டேன். 4,500 பிக்சலுக்கு மேல் நீளம், 3,000 பிக்சலுக்கு மேல் அகலம். அவர்கள் கேட்ட 12-க்கு 18-இல் அங்குலத்துக்கு 250. நிறம் சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தது, அதைச் சரி செய்தேன். கீறல்களை மட்டும் எடுத்தேன். முகத்தில் கை வைக்கவில்லை. திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கினபோது இடது புருவத்தில் அந்தத் தழும்பு இருந்தது. அக்கா திரையைத் தொட்டார். "இதுதான்டா அம்மா" என்றார்.

வீட்டில் கேமராவே இல்லாமல், யாரிடமோ இரவல் வாங்கி, 36 படமுள்ள ஒரு ரோலை ஒரு வருஷம் வைத்திருந்து எடுத்த படம் அது. கடைசிப் பத்து வருஷத்தில் அதே அம்மாவை அவர் பிள்ளைகள் ஆயிரம் படமாவது எடுத்திருப்பார்கள். அத்தனையும் குரூப்பில் போய், ஃபார்வர்டாகி, போன் மாறியபோது அழிந்து, சுவருக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. நாற்பது வருஷம் பிஸ்கட் டப்பாவில் கிடந்ததுதான் சுவருக்கு வந்தது.

எங்கள் பகுதியில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 1947 வரை மைசூர் சமஸ்தானத்தோடு சேராத கன்டோன்மென்ட் இது. அல்சூரில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸை நம்பி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இன்றும் சில வீட்டுக் கூடங்களில் சீருடையில் ஐம்பது அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்த குரூப் போட்டோ தொங்குகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் கடைசி வரிசையில் நிற்பவரின் மீசைகூடத் தெரியும். ஆறரைக்கு எட்டரை அங்குலக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, பெரிதாக்காமல் அதே அளவில் காகிதத்தில் இறக்கிய படங்கள் அப்படித்தான் வரும். பிறகு வந்த ஆக்ஃபா கிளிக் கேமராவின் நெகடிவ்கூட ஆறு சென்டிமீட்டர் சதுரம். இவையெல்லாம் இன்னும் பரணில் இருக்கின்றன. வீடு இடித்து அப்பார்ட்மென்ட் கட்டும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான்.

ஆகவே படிக்கிற உங்களிடம் சில வேண்டுகோள். நெகடிவ் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். திறந்தால் வினிகர் வாடை அடிக்கிறதா, பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது, தள்ளிப்போடாமல் ஸ்கேன் செய்யுங்கள். ஃபிரேம் போட்ட படத்தைக் கண்ணாடியோடு செல்போனில் எடுக்காதீர்கள். வெளியே எடுத்து அங்குலத்துக்கு 600 பிக்சல் வைத்து ஸ்கேன் போடுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் ஜன்னலோர நிழலில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும்போது எத்தனை அங்குலம், என்ன பேப்பர் என்று முதலில் சொல்லுங்கள். படத்தை டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இன்னொன்று. உங்கள் அம்மா நன்றாக இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் வாசலில் தனியாக நிற்கவைத்து, இடுப்புக்கு மேல் ஒரு படம் எடுங்கள். அந்த ஒரிஜினலை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.