மண்ணைப் பொறுத்தது, மேட்!

விக்டோரியா மாநிலத்துத் தங்கக் காடுகளில் "தங்கம் கிடைச்சுதா?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் இரண்டு பேருமே பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நாகரிகமாக, "என்ன காயில் போட்டிருக்கே?" என்று டிடெக்டரின் அடியில் மாட்டும் தட்டைப் பற்றி விசாரிப்பார்கள். போன சனிக்கிழமை டனோலி பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அப்படித்தான் விசாரித்தார். "11 அங்குலம், மோனோ" என்றேன். "இந்த மண்ணுக்கா, மேட்?" என்றார். அவ்வளவுதான், தன் தட்டை ஆட்டிக்கொண்டே நடையைக் கட்டிவிட்டார். சண்டைக்கு வந்திருந்தால்கூட அன்றைக்கே மறந்திருப்பேன்.

எந்தக் காயில் வாங்குவது உத்தமம் என்பதை இந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குமுன் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

விஷயம் என்னவோ சுலபம்தான். பெரிய காயில் ஆழத்தில் கிடக்கும் பெரிய கட்டியைப் பார்க்கும், பொடித் தங்கத்தைக் கோட்டைவிடும். சின்னது பொடியைப் பிடிக்கும், ஆழத்துக்கு இறங்காது. மோனோவில் ஒரே சுருள்தான் சிக்னலை அனுப்பவும் செய்யும், வாங்கவும் செய்யும். ஆழம் அதிகம், ஆனால் இரும்புச் சத்துள்ள செம்மண்ணைக் கண்டால் ஊளையிடும். டபுள் டி-யில் அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று; மண்ணின் கூச்சலை அடக்கும், கூடவே கொஞ்சம் ஆழத்தையும் அடக்கிவிடும். இதில் எதை வாங்குவது என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டேன்.

"நீ தேடுற தங்கத்தோட அளவைப் பொறுத்தது."

அளவு எனக்கெப்படித் தெரியும்? நானும் தங்கமும் இன்னும் சந்தித்துக்கொண்டதே இல்லை.

"எவ்வளவு ஆழத்துல இருக்குங்கிறதைப் பொறுத்தது."

அது தெரிந்தால் இவர் கடைக்கு ஏன் வருகிறேன்? மண்வெட்டிக் கடைக்கல்லவா போவேன்.

"மண்ணைப் பொறுத்தது." சரி. "குப்பையைப் பொறுத்தது." அதாவது ஆணி, தோட்டா, ஈயக்குண்டு. "புதரைப் பொறுத்தது." புதருக்குள் நுழைய நீள்வட்டம், வெட்டவெளிக்கு வட்டம். "மிஷினைப் பொறுத்தது." ஜிபிஎக்ஸ் மாடல் காயில் ஜிபிஇஸட் மாடலில் மாட்டாது. "உன் தோள்பட்டையைப் பொறுத்தது." 18 அங்குலத் தட்டை நாள் முழுக்க ஆட்ட வேண்டுமென்றால் முதுகில் வார்ப்பட்டை, அதிலிருந்து ஒரு ரப்பர் கயிறு, சாயங்காலம் வலித்தைலம். "நீ எவ்வளவு செலவு பண்ணத் தயாருங்கிறதைப் பொறுத்தது." மனுஷன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை. பத்துப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர்கூடக் கடைசியில் செய்யலாம், வேண்டாம் என்று ஒன்றைச் சொல்லித் தட்சிணை வாங்குவார். இவர் ஒன்றுமே சொல்லாமல் கார்டைத் தேய்க்கச் சொன்னார்.

அந்தக் கடைச் சுவரில் ஒரு படம். காயிலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத் தங்கக் கட்டி. அதே காயிலோடு வெறுங்கையாகத் திரும்பியவர்களையும் படம் எடுத்து மாட்டுவதென்றால் சுவர் போதாது, தெருவையே வாடகைக்கு எடுக்க வேண்டும்.

கட்டி என்றால், 1869-இல் இதே மாநிலத்து மோலியாகுல்லில் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் கண்டெடுத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி சுமார் 70 கிலோ. கிடந்த ஆழமோ ஏறக்குறைய ஓர் அங்குலம்! டனோலியில் அதை நிறுக்கத் தராசு இல்லாமல் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்தார்கள். மோனோவா, டபுள் டியா என்று அவர்களை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1980-இல் கிங்கோவரில் கெவின் ஹில்லியர் டிடெக்டர் வைத்து 27 கிலோ கட்டி எடுத்தாரே, நம் எல்லோரையும் கெடுத்தது அதுதான். அதை வாங்கி லாஸ் வேகஸில் ஒரு சூதாட்ட விடுதியில் காட்சிக்கு வைத்தார்கள். பொருத்தமான இடம்.

அன்றிலிருந்து நமக்குத் தங்கம் கிடைக்காவிட்டால் குற்றவாளி காயில்தான். மெதுவாக ஆட்டவில்லை, தட்டைத் தரையோடு ஒட்டிப் பிடிக்கவில்லை, ஊர் பூரா சல்லடை போட்டு முடித்த இடத்திலேயே மறுபடி நிற்கிறோம் என்பதெல்லாம் பேச்சிலேயே வராது. மெதுவாக ஆட்டுவதை டப்பாவில் அடைத்து 600 டாலருக்கு விற்க முடியாதே. தோண்டுவதற்கான அரசாங்க உரிமச் சீட்டு பத்து வருஷத்துக்குச் செல்லும். நம்மிடம் ஒரு காயில் பத்து மாதம் தாக்குப்பிடித்தால் பெரிது. அப்புறம் 'அதிகம் பயன்படுத்தாதது' என்று விற்பனைக்கு வந்துவிடும். அந்த ஒரு வரியில் மட்டும் பொய்யே இருக்காது.

புதுக் காயில் வாங்கப்போகிறேன் என்றதும் வீட்டில் மனைவி கேட்டாள்: "ஏங்க, இருக்கிற தட்டுக்கு என்ன கேடு?"

"அது பொடிக்கு. இது ஆழத்துக்கு."

"பொடி கிடைச்சுதா?"

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். 17-க்கு 13 நீள்வட்டம் ஒன்று பார்சலில் வந்துகொண்டிருக்கிறது. அடியில் மாட்டும் பிளாஸ்டிக் கவசம் அதோடு வராதாம், தனியாக வாங்க வேண்டுமாம். அது இல்லாமல் தரையில் தேய்த்தால் காயில் பாழாகிவிடுமாம். கவசம் என்ன விலை என்று கடைக்குப் போன் போட்டேன்.

அளவைப் பொறுத்ததாம்.