ஆர்தருக்கு வளர்ந்த தாடி

என் மச்சினன் வீடியோ கேம் வாங்குவதும் கத்தரிக்காய் வாங்குவதும் ஒரே கணக்குதான். "அத்தான், மூவாயிரம் ரூபா, அறுபது மணி நேரம் ஓடும். மணிக்கு அம்பது ரூபாதான் விழுது!" கணக்கில் தப்பில்லை. அந்த அறுபது மணி நேரத்துக்கு எங்கே போவது என்பதுதான் அவனுக்கு உறைக்காது. இன்னும் கல்யாணமாகவில்லை.

2022 ஜனவரியில் போலந்தின் டெக்லேண்ட் நிறுவனம், தன் 'டையிங் லைட் 2'வை முழுக்க முடிக்க 500 மணி நேரமாவது வேண்டும், கிட்டத்தட்ட வார்சாவிலிருந்து மாட்ரிட்டுக்கு நடந்தே போகிற நேரம் என்று பெருமையடித்தது. ஜனங்கள் மிரண்டார்கள். கதையை மட்டும் முடிக்க 20 மணி நேரம் போதும் என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். அதைக் கேட்டு மனமுடைந்தவன் என் மச்சினனாகத்தான் இருப்பான்.

2009-இல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் 2'வில் கூரை கூரையாக ஏறி 100 இறகுகளைப் பொறுக்கியவன் அவன். நூறையும் சேர்த்தால் ஒரு மேலாடை தருவார்கள். அதைப் போட்டுக்கொண்டு எந்த ஊருக்குள் போனாலும் காவலர்கள் அடையாளம் கண்டுகொண்டு துரத்துவார்கள். அதுதான் பரிசு!

அவன் சிபாரிசில்தான் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' ஆரம்பித்தேன். நாயகன் ஆர்தர் மார்கன், 1899-இன் அமெரிக்கக் கொள்ளைக்காரன். பேருக்குத்தான் கொள்ளை. குதிரைக்கு உடம்பு தேய்க்க வேண்டும், துப்பாக்கிக்கு எண்ணெய் போட வேண்டும், அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போட வேண்டும். தாடி வேறு வளர்கிறது. ஒரு நடுராத்திரியில் அவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்க மூஞ்சிய வழிச்சு நாலு நாளாச்சு" என்றாள்.

ஆனாலும், என் கவனக்குறைவால் அந்தக் குதிரை பாறையிலிருந்து உருண்டு செத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. அத்தனை நாள் தேய்த்துவிட்ட குதிரை. இரண்டு மணி நேரப் பழக்கத்தில் அப்படி அடைக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை 2007-இன் 'போர்ட்டல்' விளையாடினேன். ஒரே துப்பாக்கி, சுவரில் இரண்டு ஓட்டை போடும். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். கேக் தருகிறேன் என்று ஆசைகாட்டியே நம்மைக் கொல்லப் பார்க்கும் ஓர் இயந்திரக் குரல். அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்தேன், சாயங்காலக் காபிக்குள் முடிந்தது. ஒரு இடத்திலும் கொட்டாவி வரவில்லை. குதிரைக்கு அடைத்ததுபோல் தொண்டை அடைக்கவில்லைதான்; ஆனால் இரண்டு நாளாகத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மச்சினனிடம் சொன்னேன்.

"மூணு மணி நேரமா? அதுக்குள்ள ஹீரோவுக்குத் தாடியே முளைக்காதே அத்தான்!"

அந்த ஹீரோ ஒரு பெண் என்று நான் சொல்லவில்லை.