எட்டு இருபதும் ஆறரையும்

மேசை நாகரிகம் தெரிந்தவர்கள் தட்டிலேயே மணி காட்டுவார்கள். கத்தியும் முள்கரண்டியும் எட்டு இருபது காட்டினால், "இன்னும் சாப்பிடுகிறேன், தட்டைத் தொடாதே". இரண்டும் ஒட்டிப் படுத்து ஆறரை காட்டினால், "முடிந்தது, எடுத்துப் போகலாம்". இது ஆங்கிலேயர் கணக்கு. அமெரிக்காவில் இரண்டும் சேர்ந்து நாலு இருபதில் சாய்ந்திருந்தால் முடிந்ததாக அர்த்தம். பிரான்சில் மேசை அடுக்கும்போதே முள்கரண்டியைக் குப்புறப் படுக்கவைப்பார்கள். குடும்ப முத்திரையை அதன் முதுகில் பொறித்தார்களாம்; விருந்தாளி பார்க்க வேண்டாமா?

இந்த நேர வித்தியாசமெல்லாம் என் சித்தப்பாவுக்குத் தெரியாது. ஆனால் ஒழுங்கானவர். பேனாவைக்கூட மேசை விளிம்புக்கு இணையாகத்தான் வைப்பார். ஒரு நட்சத்திர ஹோட்டல் விருந்தில் குடிநீர் வாரியத்தைப் பற்றிப் பேச அவருக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. கத்தியையும் முள்கரண்டியையும் அழகாக ஒட்டிப் படுக்கவைத்தார். குழாயில் காற்று வரும் கட்டத்தை எட்டுவதற்குள் பாதி பன்னீரோடு தட்டு போய்விட்டது.

"நான் போதும்னு எப்படா சொன்னேன்?"

"நீங்க சொல்லலை சித்தப்பா. ஃபோர்க் சொல்லிடுச்சு."

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வாயால் சொன்னாலே நம்பாத பந்திகளில் வளர்ந்தவர். நம் ஊரில் "போதும்" என்றால், "கூச்சப்படறார், இன்னொரு கரண்டி ஊத்து" என்றுதான் பொருள். இலைக்கு மேல் கையை விரித்தால் விரல் இடுக்கில் ரசம் இறங்கும். இலையை மடித்தால்தான் வாளி நகரும். அதையும் கல்யாணப் பந்தியில் நம் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மடித்தால் அது துக்க வீட்டு வழக்கம். பெண் வீட்டார் முகம் மாறிவிடும்.

வெள்ளைக்காரர்களும் முள்கரண்டியோடு பிறந்தவர்கள் அல்லர். தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் 1608-இல் இத்தாலியில் அதைப் பார்த்து, ஊருக்குத் திரும்பியும் அதனாலேயே சாப்பிட்டார். நண்பர்கள் கேலி செய்தார்கள். பிறகு அந்த மனிதர் அலெப்போவிலிருந்து அஜ்மீருக்கு நடந்தே வந்தார். 1617-இல் சூரத்தில் காலமானார். முள்கரண்டியின் பெருமையைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய நாடுகளிலேயே பொருத்தமில்லாதது இதுதான்.

சித்தப்பா விடவில்லை. அடுத்த விருந்துக்குள் எல்லா மணியும் பாடம். பேத்திக்கும் கரண்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த விருந்தில் எட்டு இருபதை வைத்துவிட்டு நிம்மதியாகக் குடிநீர் வாரியத்துக்குத் திரும்பினார். வெயிட்டர் தட்டைத் தொடவில்லை. அந்த இடத்தில் எல்லோரும் முடித்தால்தான் தட்டெடுப்பார்கள், தட்டெடுத்தால்தான் ஐஸ்கிரீம். பத்துப் பேர் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மேல்நிலைத் தொட்டி ஊழலில் இருந்தார்.

கடைசியில் பேத்திதான் வாய் திறந்தாள்: "தாத்தா, சீக்கிரம் ஆறரை ஆக்குங்க!"