ஷூரிட்டி சார்

பட்டுக்கோட்டையோ பரமக்குடியோ, ஊர் எதுவானாலும் அங்கே ஒரு ஷூரிட்டி சார் இருப்பார். பெரும்பாலும் அரசுப் பள்ளி ஆசிரியர். தப்பினால் மின்வாரியம், அதுவும் தப்பினால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். மாசக் கடைசியில் சம்பளம் தவறாமல் கணக்கில் ஏறிவிடும். எதிரில் நிற்பவர் முகம் சுருங்கினால் இவருக்குத் தாங்காது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை ஊர் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடும். கடன் வேண்டும் என்று யார் வங்கிப் படியேறினாலும் மேனேஜர் கேட்பது, "ஷூரிட்டிக்கு யார் இருக்கா?" அந்தக் கேள்விக்கு விடையாக ஊருக்குள் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பவர்தான் நம் சார்.

ஈடு வைக்கச் சொத்து இல்லாதவருக்குக் கடன் கொடுப்பதில் வங்கிக்கு ஒரு சங்கடம் உண்டு. மெஸ் வைக்கப் போகிறேன் என்று ஒருவர் வந்து நிற்பார். கையில் ஆடிட்டர் தயாரித்துக் கொடுத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட். முதல் வருஷம் லாபம் இவ்வளவு, மூன்றாம் வருஷம் அதைப்போல இரண்டு பங்கு என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். எழுதின ஆடிட்டர் அதை நம்பவில்லை. வாங்கிப் பார்க்கிற மேனேஜர் நம்பவில்லை. கடன் கேட்கிறவர் அதைப் படித்தே பார்க்கவில்லை. மூன்று பேரும் மனசார நம்புகிற ஒரே காகிதம், சாரின் சம்பளச் சீட்டு.

அதைக் கேட்டு வாங்குவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, சார் பேப்பர் படிக்கிற நேரம். கணவனும் மனைவியுமாக வருவார்கள். "தோட்டத்துல காய்ச்சது சார்" என்று ஒரு சீப்பு பூவன் பழம் திண்ணையில் உட்காரும். மழை, விலைவாசி, சாரிடம் அடி வாங்கிய பழைய கதை எல்லாம் அரை மணி நேரம் ஓடும். அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே கேட்கும். சாரின் வீட்டம்மாவுக்கு வாழைப்பழத்தைப் பார்த்தாலே வட்டி விகிதம் தெரிந்துவிடும்.

"லோன் சாங்ஷன் ஆன மாதிரிதான் சார். சும்மா ஒரு கையெழுத்து. ஃபார்மாலிட்டி."

"எவ்வளவுப்பா?"

"அஞ்சு லட்சம் சார். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. நான் கட்டலேன்னாதானே!"

சார் தலையை ஆட்டாமல் இருப்பார். உறுதியாக இருக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். அப்போதுதான் வந்தவர் கடைசி அம்பை எடுப்பார். "நாலு பேர் போடறேன்னுதான் சொல்றாங்க. ஆனா உங்க கையெழுத்து ராசியான கையெழுத்து சார்."

அவ்வளவுதான், சார் சட்டையை மாட்டிக்கொள்வார்.

"போன தடவை போட்டதும் இதே ராசிதானே?" என்று உள்ளேயிருந்து வருகிற குரல் வாசல் வரைக்கும் எட்டாது.

கையெழுத்துப் போடுகிற அன்றைக்கு வங்கியில் சாருக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி. மேனேஜரே எழுந்து வந்து, "சார், என் பையன் உங்க ஸ்கூல்லதான் படிக்கிறான்" என்பார். டீ வரும். இரண்டு போட்டோ, ஆதார் ஜெராக்ஸ், பான் கார்டு ஜெராக்ஸ், ஃபார்ம் 16, ஆறு மாத ஸ்டேட்மென்ட் என்று ஜாதகம் முழுக்க மேசைக்குப் போகும். லோன் ஆபீசர் ஒரு கட்டுக் காகிதத்தை முன்னால் தள்ளி, பென்சிலில் இன்டு போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்து என்பார்.

"தேதி?"

"அதை நாங்க போட்டுக்கறோம் சார்."

"தொகை விட்டிருக்கே?"

"அதையும் நாங்க போட்டுக்கறோம்."

பரீட்சைத் தாளில் ஓரத்தில் மார்ஜின் விடாத பிள்ளைக்கு அரை மார்க் குறைக்கிற மனிதர், பாதி நிரப்பாமல் கிடக்கிற பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். அதுவும் அவசரமாக அல்ல. ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

அவர் படிக்காத அந்தப் பக்கங்களில் இருப்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ, ஜாமீன் நின்றவரின் பொறுப்பும் அவ்வளவே என்கிறது அதன் 128ஆவது பிரிவு. பத்திரத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் உண்டு என்று ஒரு சலுகையும் தருகிறது. வேறு விதமாக எழுதிய பத்திரத்தை எந்த வங்கியும் அச்சடித்து நான் பார்த்ததில்லை. முதலில் வாங்கியவனைத்தானே பிடிக்க வேண்டும், அவனிடம் வராவிட்டால்தானே நம்மிடம் வர வேண்டும் என்று சார் நினைத்துக்கொண்டிருப்பார். தாமோதர் பிரசாத் வழக்கில் கீழ்க் கோர்ட்டும் அப்படித்தான் நினைத்தது. பாங்க் ஆஃப் பீகார் அப்பீல் போனது. 1968ல் சுப்ரீம் கோர்ட், கடன்காரரைத் துரத்தி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டுமென்றால் ஜாமீன் வாங்கித்தான் என்ன பிரயோசனம் என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டது. ஜாமீன்தாரருக்குச் சாதகமாகவும் சட்டத்தில் நாலைந்து பிரிவுகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்றும் பெரும்பாலும் அந்தப் பத்திரமே சொல்லும். அதற்கும் கீழே இரண்டு புள்ளி.

மறுநாளிலிருந்து சாருக்கு இன்னொரு உத்தியோகம் சேர்ந்துவிடும். மெஸ்காரர் நிம்மதியாகத் தூங்குவார். சார் பள்ளிக்கூடம் விட்டதும் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மெஸ்ஸுக்குள் போகிற தலைகளை எண்ணுவார். மத்தியானம் எத்தனை இலை விழுந்தது என்று சப்ளையரிடம் நைசாக விசாரிப்பார். முப்பது என்றால் முகத்தில் ஒரு தெளிவு. பதினொன்று என்றால் அன்றைக்கு இரவு வீட்டில் சமைக்க வேண்டாம் என்று சொல்லி, குடும்பத்தோடு போய் நாலு இலையைக் கூட்டிவிட்டு வருவார். ஸ்டாஃப் ரூமில் அந்த சாம்பாரைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் மெஸ்ஸில் பங்கு வைத்திருக்கிறார் என்று தோன்றும். ஒரு விதத்தில் வைத்திருக்கிறார்தான், நஷ்டத்தில் மட்டும்.

மெஸ்காரர் புது பைக் வாங்கினால் சாருக்கு வயிற்றைக் கலக்கும். காய்ச்சல் என்று படுத்தால் சாரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். டாக்டரிடம் அவர் கேட்கிற கேள்விகளைப் பார்த்தால், பெற்ற தகப்பனுக்குக்கூட இத்தனை அக்கறை இருக்காது. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டால் சாருக்குப் பாதி நிம்மதி, பாதி கவலை. பாதையெல்லாம் வளைவு.

பிறகு ஒரு நாள், நாலாம் பீரியடில் போன் வரும். "சார், உங்க பார்ட்டி மூணு ட்யூ நிக்குது." கடன் கொடுக்கிற வரைக்கும் அவர் வங்கியின் மதிப்புக்குரிய வாடிக்கையாளர். தவணை நின்றதும் சாரின் பார்ட்டி. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக் கடன் என்பது ரிசர்வ் வங்கி விதி, அதனால் போன் செய்கிறவர் குரலிலும் ஒரு பதற்றம் இருக்கும். பார்ட்டியின் செல் ஸ்விட்ச் ஆஃப். சார் மட்டும் காலை ஒன்பதேகாலுக்குப் பிரேயரில் நிற்கிறவர், எங்கே போய்விடுவார்? சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். நோட்டீஸ் பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்தால் ஹெச்.எம். பார்த்துவிடுவாரே என்று ஒரு பயம் இருக்கிறதே, அதைவிடப் பத்திரமான ஈடு எந்த வங்கிக்கும் கிடைக்காது. இதை மேனேஜர் அறிவார். ஆகவேதான் அந்த ஃபேனும் டீயும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சார் ஏ.டி.எம்.முக்குப் போவார். பாஸ்புக்கில் பணம் இருக்கிறது, மிஷின் தர மாட்டேன் என்கிறது. கிளைக்குள் போய்க் கேட்டால், கவுன்ட்டரில் இருக்கும் பெண் திரையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "லியன் போட்டிருக்கு சார்" என்பார். ஜவுளிக் கடையில் புடவையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வீட்டம்மா காத்திருப்பார். இன்றைக்கு ஃபேனுக்குக் கீழே நாற்காலி இல்லை.

மெஸ்காரராவது பரவாயில்லை, வெளி ஆள். சாரின் கணக்கில் மச்சினன் கடன் ஒன்றும் இருக்கும். அதில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வங்கியிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து ரிவைவல் லெட்டரில் கையெழுத்து வாங்கிப் போவார். காலாவதிச் சட்டப்படி கடனுக்கு ஆயுசு மூன்று வருஷம். கடனை ஒப்புக்கொண்டு கெடு முடியும் முன்பே கையெழுத்து வாங்கிவிட்டால் அதற்கு மறுபடி மூன்று. சாகக் கிடக்கிற கடனுக்கு சலைன் ஏற்றுகிற நரம்பு, சாரின் வலது கையில் இருக்கிறது. கடைசியில் பி.எஃப்.பில் கடன் எடுத்து அந்தக் கணக்கை சாரே முடித்துவைப்பார். பணத்தைக் கட்டிய ஜாமீன்தாரருக்கு, கடன்காரர் மேல் வங்கிக்கு இருந்த உரிமை அத்தனையும் வந்து சேரும் என்கிறது 140ஆவது பிரிவு. நல்ல பிரிவுதான். அந்த உரிமையை மனைவியின் தம்பி மேல் செலுத்திவிட்டு ராத்திரி சாப்பிட வீட்டுக்கு வர முடியுமா என்பதை மட்டும் 1872ல் யாரும் யோசிக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு சார் தனக்கென்று ஒரு வீட்டுக் கடன் கேட்டுப் போவார். சிபில் ரிப்போர்ட்டைத் திறந்தால் ஊரே அதில் இருக்கும். மெஸ், டெய்லர் கடை, ஒரு லோடு ஆட்டோ, யாரோ ஒரு பிள்ளையின் இன்ஜினியரிங் படிப்பு. எல்லாவற்றிலும் சாரின் பெயர், ஜாமீன்தாரர் என்று. "ஸ்கோர் கொஞ்சம் டல்லா இருக்கு சார். வேணும்னா ஒரு ஷூரிட்டி போடுங்களேன்" என்பார் புதிதாக வந்த மேனேஜர். சார் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். அந்தக் கையெழுத்தின் விலை தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

இப்போது செல்போனிலேயே கடன் கொடுக்கிற ஆப்கள் வந்துவிட்டன, ஷூரிட்டி வேண்டாம் என்கின்றன. சிலது செய்த வேலை என்னவென்றால், போனில் இருக்கிற நம்பர்களை அள்ளிக்கொண்டு, தவணை தவறினால் அத்தனை பேரையும் கூப்பிட்டது. காண்டாக்ட் லிஸ்டைத் தொடாதே என்று 2022ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட வேண்டியிருந்தது. கேட்காமல் ஊரையே ஷூரிட்டி ஆக்கியது அந்த முறை. சாரிடம் வாழைப்பழமாவது கொடுத்துக் கேட்டார்கள்.

சாரை ஏமாளி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது வருஷ சர்வீசில் கல்வி அலுவலகம் அவரிடம் கேட்டது புள்ளிவிவரம். பிள்ளைகள் கேட்டது லீவு. வீட்டில் கேட்டது கேஸ் புக் பண்ணியாச்சா என்று. "உங்களை நம்பித்தான் வந்தேன்" என்று வாசலில் வந்து நின்றவர்கள் கடன்காரர்கள் மட்டும். கடைத்தெருவில் நடக்கும்போது, "அந்த டெய்லர் கடை நம்ம கையெழுத்துல வந்தது" என்று கூட வருகிறவரிடம் காட்டுவார். டெய்லர் அவரைப் பார்த்ததும் மெஷினுக்குக் கீழே ஏதோ விழுந்ததுபோல் குனிந்துகொள்வார். அது சாரின் கண்ணில் படாது, அல்லது படாததுபோல் நடப்பார்.

2021ல் தமிழக அரசு ஓய்வு வயதை 60 ஆக உயர்த்தியபோது, சாரைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர்கள் கடன் விண்ணப்பத்தோடு காத்திருந்தவர்கள். அதுவும் ஒரு நாள் முடிந்தது. சால்வை, குரூப் போட்டோ எல்லாம் ஆகி ஒரு மாதம் கழித்து, பழைய மாணவன் ஒருவனோடு சார் வங்கிக்குப் போனார். மேனேஜர் ஃபைலைப் பார்த்துவிட்டு, "பென்ஷன்காரங்க ஷூரிட்டி எடுத்துக்கறதில்ல சார். சர்வீஸ்ல இருக்கற யாராவது இருந்தா பாருங்க" என்றார். வீட்டம்மா பிள்ளையார் கோயிலில் பதினோரு தேங்காய் உடைத்தார். சார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

குரூப் 4 எழுதி அவர் மகளுக்குத் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்துச் சில மாதம் ஆகியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி வந்தார்கள். இந்த முறை பலாப்பழம். மழை பற்றிப் பேசி, விலைவாசி பற்றிப் பேசி, "பாப்பாவுக்கு வேலை நிரந்தரமா சார்?" என்று ஆரம்பித்தார்கள். சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அம்மாடி, இங்க கொஞ்சம் வாயேன். சும்மா ஒரு கையெழுத்து."

"போங்கப்பா, ஆபீஸ் சொசைட்டி லோனுக்கு ஏற்கெனவே மூணு பேருக்குப் போட்டாச்சு" என்றாள் மகள்.