பொன்னாடைக்குப் பின்னால் ஒரு பேராசிரியர்

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு வெளிநாட்டுப் பேராசிரியர் வருகிறார் என்றால், அவர் தம் துறையில் என்ன செய்தவர் என்று அழைப்பிதழில் தேடிப் பயனில்லை. பெயர் சிறிதாக இருக்கும், நாடு கொட்டை எழுத்தில் இருக்கும். ஆனால் அதே அழைப்பிதழின் நிகழ்ச்சி நிரல்தான் என் முதல் சாட்சி. தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தாளாளரின் தலைமையுரை, செயலரின் வாழ்த்துரை, முதல்வரின் வாழ்த்துரை, துறைத்தலைவரின் நோக்கவுரை, விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு, மலர் வெளியீடு, அப்புறம் சிறப்புரை. பத்தரைக்குத் தொடங்கும் கூட்டத்தில் மைக் அவர் கைக்கு வரும்போது பன்னிரண்டேகால் ஆகியிருக்கும். ஒரு மணிக்குச் சாப்பாடு. கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள், யாரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நாம் அவரை அழைப்பது அவர் சொல்வதற்காக அல்ல, வந்தார் என்று நாம் சொல்லிக்கொள்வதற்காக என்பதே இந்த நிரலைப் படித்தால் கிடைக்கும் நேரான பொருள்.

இதற்குக் கல்லூரிகளை மட்டும் திட்டுவது நியாயமில்லை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட 1994இல் தொடங்கப்பட்டு இன்று முதல்வர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் 'நாக்' அமைப்பு, எதைச் சொன்னாலும் ஆவணம் கேட்கிறது. ஜியோ டேக் உள்ள புகைப்படம், வருகைப் பதிவேடு, அறிக்கை. ஆகவே விருந்தினர் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் பொன்னாடை போர்த்தப்பட்டார் என்பது எந்தக் காலத்துக்கும் துல்லியமாக இருக்கும். என்ன பேசினார் என்பதோ 'மாணவர்களுக்கு மிகவும் பயனுள்ளதாக அமைந்தது' என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். சென்ற ஆண்டு வந்தவருக்கும் அதே வாக்கியம்தான். இதற்கு நடுவே, வெளிநாட்டவர் விருந்தினர் விடுதிக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய படிவத்தை அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதை ஏற்றுபவர் ஏதாவது ஓர் இளம் உதவிப் பேராசிரியர். விருந்தினரின் பாஸ்போர்ட் எண் அவருக்கு மனப்பாடம், ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு தெரியாது. படிக்க அவருக்கு யார் நேரம் கொடுத்தார்கள்?

வருகையின் மதிப்பை வேறு விதமாகவும் அளக்கலாம். மத்திய அரசு 2015இல் தொடங்கிய 'கியான்' திட்டம், வெளிநாட்டு ஆசிரியர் ஒருவருக்கு 12 முதல் 14 மணி நேரப் பாடத்துக்கு 8,000 டாலர் வரையும், 20 முதல் 28 மணி நேரத்துக்கு 12,000 டாலர் வரையும் தர ஒப்புக்கொண்டது. பணத்தை மணிக்கணக்கோடு கட்டியதில்தான் அந்தத் திட்டத்தின் புத்திசாலித்தனம். முதல் கணக்கின்படி ஒரு மணி நேரம் சுமார் 600 டாலர். அதை நம் மேடைக்குப் போட்டுப் பாருங்கள்: குத்துவிளக்கிலிருந்து மலர் வெளியீடு வரை அவர் சும்மா புன்னகைத்த நேரத்துக்கே ஆயிரம் டாலர் ஆகிவிடுகிறது.

'விருந்தோம்பல் நம் பண்பாடு, அதைப் போய்க் கணக்குப் பார்ப்பதா?' என்று கேட்பார்கள். பார்க்க வேண்டாம். ஆனால் விருந்தோம்பலுக்கு ஒன்பதாம் அதிகாரத்தை ஒதுக்கிய வள்ளுவர்தான், கேள்விக்கு 42ஆம் அதிகாரத்தை ஒதுக்கி, காதுக்குப் பரிமாற ஒன்றும் இல்லாதபோது வயிற்றைக் கவனித்தால் போதும் என்கிறார். நாம் வயிற்றுக்கானதை மட்டும் இலை போட்டு, பாயசம்வரை ஒழுங்காகச் செய்கிறோம். தவிர, விருந்தினர் வசதி பார்ப்பது விருந்தோம்பல் என்றால், விமானத்தில் பெரும்பாலும் பெட்டிக்கு 23 கிலோ என்று தெரிந்தும் கண்ணாடிச் சட்டமிட்ட தஞ்சாவூர் ஓவியத்தை அவர் தலையில் கட்டுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

'பசங்க கேள்வியே கேட்கமாட்டேங்கிறாங்க சார்' என்பது அடுத்த வாதம். இது உண்மை. ஆனால் காலை ஒன்பதரையிலிருந்து வரிசையில் உட்காரவைக்கப்பட்ட, எதைப் பற்றிய பேச்சு என்றே அறியாத மாணவன் என்ன கேட்பான்? மூன்றாம் வரிசையிலிருந்து எழும் ஒரே கேள்வியும் முந்தைய நாள் துறைத்தலைவர் எழுதிக் கொடுத்தது. அறிஞரோடு உட்கார்ந்து வேலை செய்தால் கதை வேறு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தி. வே. கோபாலையரும் பிரான்சுவா குரோவும் சேர்ந்து உழைத்ததில் 1984 முதல் வெளிவந்தது ஒரு தேவாரப் பதிப்பு. வெளிநாட்டு அறிஞரும் நம்மூர்ப் புலவரும் ஒரே வேலையில் இறங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி. அது ஆய்வு நிறுவனம், இது இரண்டாயிரம் பேர் படிக்கும் கல்லூரி என்றால், சரி, இரண்டாயிரம் பேரையும் விடுங்கள். விருப்பமுள்ள பத்துப் பேருக்கு ஒரு வாரம் முன்பே அவருடைய ஒரு கட்டுரையைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் நூலகத்தில் அவரோடு உட்காரவைத்தால் போதும். நாக்கு குழறினாலும் கேள்வி வரும்.

விழா இல்லாவிட்டால் நிர்வாகம் பணம் தராது என்பதுதான் உண்மையிலேயே பலமான மறுப்பு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு சமரசம்தான் உண்டு. நூலகம் முதலில், விழா மாலையில். படம், பதிவேடு, அட்சரேகை எல்லாம் அப்படியே இருக்கட்டும். மாலையில் தாளாளருக்கு வேறொரு திறப்புவிழா இருக்கும் என்பார்கள். அவருக்கு மட்டும் காலையிலேயே ஒரு பொன்னாடையைப் போர்த்தி, ஜியோ டேக் படம் ஒன்றை எடுத்து அனுப்பிவிடலாம்.