கைலாஷ் கட்சி

‘தெனாலி’யைக் கமல் படம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அது ஜெயராம் படம். இதை வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆடிட்டர்கள் கூடும் இடத்தில் சொல்லிப் பாருங்கள், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

2000 தீபாவளிக்கு வந்த படம். கே.எஸ்.ரவிகுமார் இயக்கி, அவரே தயாரித்தார். வசனம் கிரேஸி மோகன். கண்ணில் பட்டதற்கெல்லாம் பயப்படும் இலங்கைத் தமிழர் தெனாலி சோமனாகக் கமல். ஊருக்கெல்லாம் மனத்தைரியம் சொல்லும் டாக்டர் கைலாஷாக ஜெயராம். கைலாஷுக்குப் பேர் இருக்கிறது, பணம் இருக்கிறது, தேவயானி மாதிரி மனைவி, ஜோதிகா மாதிரி தங்கை, கொடைக்கானலில் வீடு, எல்லாம் இருக்கிறது. இதைப் பார்த்து வயிறெரிகிற பஞ்சபூதம் என்கிற டாக்டர், அதாவது டெல்லி கணேஷ், தெனாலியை அவர் தலையில் கட்டிவிடுகிறார். கைலாஷ் குடும்பத்தோடு லீவுக்குக் கொடைக்கானல் போகிறார். தெனாலியும் போகிறார். வந்தவரை வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது, டாக்டர் ஒருவரைத் தவிர. நோயாளி தெளிந்துகொண்டே வர, டாக்டர் கலங்கிக்கொண்டே போகிறார். 1991-ல் பில் மர்ரேயும் ரிச்சர்ட் டிரைஃபஸும் நடித்து ஹாலிவுட்டில் வந்த ‘வாட் அபவுட் பாப்?’ படத்தின் சாயல் என்பார்கள். இருக்கட்டும். அந்த டாக்டருக்காவது பேசித் தீர்க்க அமெரிக்காவில் நாலு சக டாக்டர்கள் கிடைத்திருப்பார்கள்.

படம் வந்தபோது நான் ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருந்தேன். எனக்கென்று ஒரு கிளையண்ட் கிடையாது. ஆகவே ஊரோடு சேர்ந்து கமலைப் பார்த்துச் சிரித்தேன். மேற்குத் தாம்பரம் வித்யா, குரோம்பேட்டை வெற்றி, பல்லாவரம் ஜனதா என்று மின்சார ரயில் சீசன் டிக்கெட்டிலேயே படம் பார்த்து வாழ்ந்த காலம் அது.

இப்போது டிவியில் போட்டால் என் கண் கமலிடம் போவதேயில்லை. ஜெயராமின் முகத்தை மட்டும் பாருங்கள். தெனாலி பேசப் பேச அவர் வாய் சிரித்துக்கொண்டே இருக்கும். கண் மட்டும் வாசலைத் தேடும். தாடைக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு. மனைவி, “பாவங்க அவர்” என்று தெனாலிக்காகப் பரிந்து பேசும்போது தலை ஆமாம் என்று அசையும், கை சோபாவைப் பிடித்துப் பிசையும். நடிப்பா அது? ரிட்டர்ன் ஏற்றும் ஜூலை மாதத்தில் என் வீட்டுக்கு வந்தால் அதே முகத்தை டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம்.

தாம்பரத்தை ரயில் பாதை கிழக்கு, மேற்கு என்று பிரித்து வைத்திருக்கிறது. ஆபீஸை மேற்கிலும் வீட்டைக் கிழக்கில் சேலையூர் பக்கமும் வைத்துக்கொண்டால் தொழில் வீட்டுக்குள் வராது என்று எனக்கு ஒரு கணக்கு. கிளையண்டுகளுக்கும் படியேறிப் பாலம் தாண்டத் தெரியும் என்பது அதில் சேர்க்கப்படவில்லை. பிரதோஷத்தில் சுற்றி வரும்போது பின்னாலிருந்து, “சார், எய்ட்டி-சி-ல இன்னும் எவ்ளோ போடலாம்?” துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், பாடி எடுப்பதற்கு முன்பே, “அப்பா பேர்ல இருக்கிற மனையை வித்தா கேப்பிட்டல் கெயின் வருமா?” சலூனில் இன்னும் மோசம். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்கப்படும் வரிச் சந்தேகத்துக்கு, ‘ஆபீசுக்கு வாங்க’ என்று யாரால் சொல்ல முடியும்?

இதற்கெல்லாம் தலையாயவர் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி. நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்தால் விரட்டிவிடலாம். வருமான வரித் துறையிலிருந்து வரும் ஒவ்வொரு மெயிலும் தம்மைக் கைது செய்யத்தான் என்று நம்புகிறவர். ‘உங்கள் ரிட்டர்ன் கிடைக்கப்பெற்றது’ என்று வந்தால்கூட, “கிடைச்சிருச்சுன்னு மெரட்டுதான் சார்” என்பார்.

அக்டோபர் முடிந்து ஆடிட் ரிப்போர்ட்டெல்லாம் ஏற்றியான ஒரு வருஷம், நாலு நாள் போனை அணைத்துவிட்டுக் கொடைக்கானல் போவது என்று கிளம்பினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் காரில் போனால் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் லீவு முடிந்துவிடும் என்பதால் பாண்டியன் எக்ஸ்பிரஸ். தாம்பரத்தில் ஏறிப் படுத்தால் விடியுமுன் கொடை ரோடு. பெட்டியை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். எதிர் பெர்த்தில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி.

“சாரா! மதுரைக்குச் சரக்கு பாக்கப் போறேன். ஆண்டவனாப் பாத்து அனுப்பியிருக்கான்.”

யாரை யாரிடம் அனுப்பினான் என்று சொல்லவில்லை.

மஞ்சள் பையிலிருந்து முதலில் முறுக்கு வந்தது. பையன் எடுத்துக்கொண்டான். பிறகு அதிரசம். மனைவி எடுத்துக்கொண்டாள். மூன்றாவதாக வந்தது ஃபைல். செங்கல்பட்டு வருவதற்குள் தம்முடைய கீழ் பெர்த்தை என் மனைவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஏணி பிடித்து மேலே ஏறி, அங்கிருந்து தலையை மட்டும் தொங்கவிட்டு, “சார், ஒரே ஒரு சந்தேகம்” என்றார். விழுப்புரம் வரை அந்த ஒரு சந்தேகம் நீடித்தது. கொடை ரோட்டில் அவரே எழுந்து எங்கள் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். ரயில் நகர்ந்ததும் என் மனைவி சொன்னாள்: “எவ்ளோ நல்ல மனுஷன்! நீங்க ஏன் அவர்கிட்ட அப்படி மூஞ்சியை வெச்சுக்கிறீங்க?”

தேவயானி பேசிய மாதிரியே இருந்தது.

கைலாஷ் பாத்திரம் கிரேஸி மோகனுக்குத் தற்செயலாக வந்ததென்று நான் நம்பவில்லை. கிண்டியில் இன்ஜினீயரிங் படித்து, சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்துவிட்டு எழுத வந்தவர் அவர். வேலையும் வீடும் ஒன்றையொன்று எப்படித் துரத்தும் என்று அறிந்தவர். 2002 பொங்கலுக்கு மௌலி இயக்கத்தில் வந்த ‘பம்மல் கே. சம்பந்தம்’ படத்தில் இதையே புரட்டிப் போட்டார். அதில் டாக்டர் சிம்ரன், ஆபரேஷன் செய்த கமலின் வயிற்றுக்குள் தன் வாட்ச்சை வைத்துத் தைத்துவிடுகிறார். இங்கே நோயாளியைத் துரத்த வேண்டியவர் டாக்டர். வாட்ச்சை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும். அதற்காக, ஆகாத ஆளிடம் அன்பு காட்டி நடிக்க வேண்டும். எங்கள் தொழிலில் திருத்திய ரிட்டர்ன் என்று ஒன்று உண்டு. வயிற்றைத் தைத்த பிறகு டாக்டருக்கு அந்த வசதி கிடையாது. அந்த டாக்டருக்கும் பேர் ஜானகி, தெனாலியின் ஜோதிகாவுக்கும் ஜானகி. தம் பள்ளி ஆசிரியை ஜானகியின் நினைவாக மோகன் தம் நாயகிகள் பலருக்கும் அந்தப் பேரையே வைத்தார்.

படத்தின் பேர் நினைவூட்டும் அசல் பம்மல் சம்பந்த முதலியாரும் வக்கீல்தான், பிறகு நீதிபதி. 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, கோர்ட்டுக்கும் போய்க்கொண்டு, ‘சபாபதி’ உட்பட எண்பதுக்கு மேல் நாடகம் எழுதியிருக்கிறார். கட்சிக்காரர்கள் வந்து கதவைத் தட்டும்போது என்ன செய்தாரோ! சபாபதியின் மண்டு வேலைக்காரனைப் போல ஒருவனை வாசலில் உட்காரவைத்திருந்தால் பாதிப் பேர் தாமாகவே போயிருப்பார்கள்.

எங்கள் கொடைக்கானல் பயணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல காற்றுக்காகக் கொடைக்கானல் ஓடுகிறோமே, ஒரு காலத்தில் நல்ல காற்றுக்காக ஜனங்கள் வந்த ஊரே எங்கள் தாம்பரம்தான். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோய்க்காரர்களுக்கு இங்கே சானடோரியம் கட்டினார். மருந்து பிறக்காத காலம்; காற்றும் வெயிலும் ஓய்வும்தான் வைத்தியம். ரயில் ஸ்டேஷனுக்கே தாம்பரம் சானடோரியம் என்று பேர் நின்றுவிட்டது. இன்று அந்த ஸ்டேஷனில் சாயங்காலம் ஆறு மணிக்கு மெப்ஸ் ஏற்றுமதி மண்டலக் கம்பெனிகள் விடும் நேரத்தில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள்.

தெனாலியின் பயங்களுக்குப் பின்னால் போர் இருக்கிறது, அதை நான் மறக்கவில்லை. அவருக்கு இரங்கத் தியேட்டர் முழுக்க ஆள் இருக்கிறது. சிகிச்சை கொடுத்தே சீரழிந்த கைலாஷுக்காக ஒரு ஆள்கூட ‘உச்’ கொட்டவில்லை. தமிழ் சினிமாவில் ஜெயராமுக்கு உரிய பாராட்டு கிடைக்கவில்லை என்பது என் தீர்ப்பு, மேல்முறையீடு இல்லை.

அடுத்த முறை டிவியில் போட்டால் அவர் முகத்தை மட்டும் பாருங்கள். அப்படியே இன்னொன்று: தாம்பரம் பிளாட்பாரத்தில் பெட்டியும் குடும்பமுமாக என்னைப் பார்த்தால், ரீஃபண்ட் எப்போது வரும் என்று கேட்காதீர்கள். வந்தால் நேராக உங்கள் பேங்க் கணக்குக்குத்தான் வரும். என்னிடம் சொல்லிவிட்டு வராது.