அனுபவத்துக்கு எத்தனை மார்க்?

தெரியாத விஷயத்துக்கு அட்டவணை போடுவது என் பழைய வியாதி. 2014 மக்களவைத் தேர்தல் நேரத்தில் அது முற்றிவிட்டது. பிரதமர் ஆகப்போகிறவருக்கு அனுபவம் போதுமா என்று அலுவலகத்தில் தினமும் சண்டை. நான் பேசாமல் எக்செல்லைத் திறந்தேன். எம்.பி.யாக இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மார்க், மத்திய அமைச்சருக்கு இரண்டு, முதல்வருக்கு மூன்று. இந்த விகிதத்தை எங்கிருந்து பிடித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

நரேந்திர மோடி அப்போது 2001 அக்டோபர் முதல் குஜராத் முதல்வராக இருந்தார். அதுவரை நாடாளுமன்ற உறுப்பினராக ஒருநாள்கூட இருந்ததில்லை. ராகுல் காந்தி 2004 முதல் அமேதி எம்.பி.யாக இருந்தார்; அமைச்சராக ஒருநாள்கூட இருந்ததில்லை. கூட்டிப் பார்த்தால் மோடி எங்கேயோ போய்விட்டார். முதல்வருக்கு அரை மார்க் போதும் என்று குறைத்தேன், ராகுல் முந்திவிட்டார். இரண்டு முறையும் "அட!" என்று வியந்தவன் நானேதான்.

பழைய பிரதமர்களை வைத்துச் சோதித்தால் கணக்கு சரியாகிவிடும் என்று நம்பினேன். மொரார்ஜி தேசாய்க்கு மார்க் குவிந்தது: பம்பாய் மாகாண முதல்வர், நிதியமைச்சர், துணைப் பிரதமர். 1977இல் 81 வயதில் பிரதமரானார். சொந்தக் கட்சிச் சண்டையில் இரண்டரை வருடத்துக்குள் பதவி போய்விட்டது. சந்திரசேகர் 1962 முதல் நாடாளுமன்றம் பார்த்தவர். எந்த அமைச்சர் பதவியும் வகிக்காமல் 1990இல் நேரே பிரதமர் நாற்காலிக்கு வந்தார். மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்தாரே, அதை எங்கே எழுதுவது? என்னிடம் கட்டமில்லை. மக்களவைக்கு அவர் நின்றது 1999இல், தென் டெல்லியில், அதிலும் தோல்வி. ஆனாலும் பத்து வருடம் பிரதமர்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமனார் கேட்டார்: "ராஜீவ் காந்தி விமானம் ஓட்டினாரே, அதுக்கு எத்தனை மார்க் மாப்ள?"

"அதெல்லாம் கணக்குல வராது மாமா."

"எம்.பி. ஆகி மூணு வருஷத்துல பிரதமர் ஆயிட்டாரு. அதுக்கப்புறம் வந்த தேர்தல்ல நானூறு சீட்டுக்கு மேல ஜெயிச்சாரு. அப்ப ஜனங்க எந்தக் கணக்குல போட்டாங்க?"

நான் எழுத்துருவைப் பெரிதாக்கி, தலைப்புக்கு மஞ்சள் வண்ணம் அடித்தேன். பதில் தெரியாதபோது நான் செய்வது அதுதான்.

ஏப்ரல் 24. வாக்குச்சாவடியில் விரலில் மை வைத்துக்கொண்டு மறைப்புக்குள் போனேன். இயந்திரத்தில் மோடி பெயரும் இல்லை, ராகுல் பெயரும் இல்லை. எப்படி இருக்கும்? இருவரும் என் தொகுதியில் நிற்கவில்லையே. இருந்த பெயர்களில் ஒருவர்கூட என் அட்டவணையில் கிடையாது. அவர்களுடைய சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் வேட்புமனுவோடு தந்த பிரமாணப் பத்திரத்தில் இருந்தன. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். மொரார்ஜியின் ஜாதகம்வரை தேடியவன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சார், கொஞ்சம் சீக்கிரம்" என்று வெளியிலிருந்து குரல் வந்ததும், பழகிய சின்னம் ஒன்றை அழுத்திவிட்டு வந்தேன்.

மே மாதம் முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37 அ.தி.மு.க.வுக்கு. நான்கு முறை முதல்வராகப் பதவியேற்றிருந்த அதன் தலைவிக்கு நான் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. மோடியா ராகுலா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது ஊர் வேறொரு தேர்தலை நடத்தி முடித்திருக்கிறது.

"கடைசியில எதைப் பாத்துப் போட்டீங்க மாப்ள?" என்றார் மாமனார்.

"சின்னத்தைப் பாத்துதான் மாமா."

"நானும் அப்படித்தான் போட்டேன். ஆனா எனக்கு கம்ப்யூட்டர் தேவைப்படல."